வீட்டு டிரைவ்வேல டிராக் ரேஸ் லாஞ்ச் பழகணுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிராக் ரேஸ்னா (drag race) நின்ன இடத்துலேந்து கிளம்பி நேர்கோட்டுல யாரு சீக்கிரம் போறாங்கன்னு பாக்குற பந்தயம். லாஞ்ச்னா அதுல பச்சை லைட்டுக்கு வண்டியக் கிளப்புற அந்த முதல் ரெண்டு மூணு செகண்டு. அதுக்குன்னு வீட்டு டிரைவ்வேய, அதாவது கேட்டுக்கு உள்ள வண்டி போற பாதைய, எப்படிப் போடுறது, எங்க தப்பு வரும், எதை வீட்ல செய்யவே கூடாதுன்னு நிறைய பேரு கேக்குறாங்க, எனக்குத் தெரிஞ்சத இங்க ஒரே இடத்துல எழுதிட்டேன். நான் ரெண்டு தடவ கான்கிரீட் தளம், அதாவது ஸ்லாப், போட்டவன், முதல் தடவ போட்டது உடைஞ்சு போச்சு, அதையும் சொல்றேன்.

வீட்டு டிரைவ்வேல உண்மையிலேயே லாஞ்ச் பழக முடியுமா?

முடியும், ஆனா எதப் பழகப் போறோம்னு முதல்ல தெளிவாகிடணும். ரேஸ் ஓட்டுற டிராக்னா (track) கால் மைல், அதாவது 1,320 அடி, சின்ன டிராக்னா அரைக்கால் மைல், 660 அடி. அது எதுவும் வீட்ல வராது, வரவும் வேணாம். ஆனா ஓட்டத்தோட தலையெழுத்து முதல் 60 அடிலயே பாதி முடிஞ்சிடும், அதனாலதான் டிராக்ல குடுக்குற டைம் சீட்டுல 60 அடி டைமத் தனியா போடுறாங்க, அங்க விட்ட நேரத்த பின்னாடி பிடிக்கவே முடியாது. அந்த 60 அடிலயும் முதல் 15, 20 அடிதான் கையும் காலும் சேந்து வேலை செய்யுற இடம். கிளட்ச் எங்க கடிக்குது, எந்த ஆர்பிஎம்ல (இஞ்சின் சுத்துற வேகம்) விட்டா டயர் பிடிக்குது, எதுல சுத்துது, லைட்டுக்குக் கால் எவ்வளவு சீக்கிரம் நகருது, இதெல்லாம் ஒரு வண்டி நீளத்துக்குள்ளயே தெரிஞ்சிடும். வீட்டு டிரைவ்வே அதுக்குத்தான், வேகம் பாக்குறதுக்கு இல்ல.

எவ்வளவு நீளம் வேணும்?

எல்லாரும் கிளம்புறதுக்கு எவ்வளவு இடம்னு கேக்குறாங்க, நிக்குறதுக்கு எவ்வளவு இடம்னு யாரும் கேக்குறதில்ல. கணக்கு அங்கேந்துதான் ஆரம்பிக்கணும்.

சாதாரண ரோடு வண்டி ஒண்ணு நல்லா கிளம்பினா 20 அடி தாண்டும்போது மணிக்கு 30 கிலோமீட்டர ஒட்டி இருக்கும். காலை ஆக்ஸிலரேட்டர்லேந்து பிரேக்குக்கு மாத்த ஒரு செகண்டு வச்சுக்கிட்டா அந்த ஒரு செகண்டுலயே 27 அடி போயிடும், அப்புறம் காஞ்ச தரைல பிரேக் பிடிச்சு நிக்க இன்னொரு 17 அடி. ஆக 20ம் 27ம் 17ம் சேத்து 64 அடி, வண்டி நீளம் ஒரு 15 அடி, கடைசில கை வைக்காம விடுற இடம் ஒரு 20, 25 அடி, எல்லாம் சேந்தா 100 அடி. 20 அடி லாஞ்ச் பழகவே 100 அடி வேணும்.

முழு 60 அடியும் ஓட்டணும்னா? ரெண்டு செகண்டுல 60 அடி போற வண்டி அங்க 60 கிலோமீட்டர் வேகத்துல இருக்கும். யோசிக்குற அந்த ஒரு செகண்டுல 55 அடி, பிரேக்ல 67 அடி, மொத்தம் 180 அடி தாண்டிடுச்சு, அதுக்கு மேல காலி இடம் வேற. 250 அடிக்குக் கம்மியா இருக்குற இடத்துல முழு 60 அடி ஓட்டாதீங்க. தூசியோ ஈரமோ இருந்தா பிரேக் கணக்கு ரெண்டு மடங்கா ஆகிடும்.

பெரிய ஆளுங்களுக்கே இந்தக் கணக்கு தப்பியிருக்கு. 2008ல அமெரிக்காவுல இங்கிலிஷ்டவுன் டிராக்ல ஸ்காட் கலிட்டாங்குற ரேஸ் ஓட்டுநர் இறந்ததுக்கு அப்புறம்தான் அங்க டிராக் ரேஸ் நடத்துற என்ஹெச்ஆர்ஏ அமைப்பு, நைட்ரோமீத்தேன் எரிபொருள்ல ஓடுற அதிவேக நைட்ரோ வண்டிங்களுக்கு ஓட்டத்த 1,320 அடிலேந்து 1,000 அடியா குறைச்சாங்க, நிக்குறதுக்குக் கூடுதல் இடம் கிடைக்கட்டும்னுதான். அவங்களுக்கே அப்படின்னா சுவரும் கேட்டும் இருக்குற நம்ம வீட்ல எவ்வளவு ஜாக்கிரதை வேணும்னு பாத்துக்குங்க.

எனக்கு 40 அடிதான் இருக்கு, என்ன பண்றது?

அப்ப லாஞ்ச் வேணாம், ஸ்டேஜிங், அதாவது கிளம்புற கோட்டுல வண்டியச் சரியா கொண்டு வந்து நிறுத்துறது, அதப் பழகுங்க. லைன்கிட்ட ஊர்ந்து வந்து இன்ச் கணக்கா நிறுத்துறது, கிளட்ச் கடிக்குற இடத்தக் காலால கண்டுபிடிக்குறது, இஞ்சின ஆஃப் பண்ணிட்டு லைட்டப் பாத்து காலை மட்டும் விடுறது. இது சின்ன வேலையாத் தெரியும், ஆனா முதல் தடவ டிராக்குக்கு வர்றவங்க சொதப்புறதே இந்த இடத்துலதான்.

எந்தப் பக்கம் பாத்து கிளம்பணும்?

தெருவப் பாத்து எப்பவுமே கிடையாது, வீட்ல ஆளு உக்காந்திருக்குற ரூம் பாத்தும் கிடையாது. ஆக்ஸிலரேட்டர் கேபிள் மாட்டிக்கிச்சுன்னா வண்டி எங்க போய் நிக்கும்னு கற்பனை பண்ணிப் பாருங்க, அந்த இடத்துல மண்ணோ புல்லோ இருந்தா அதுதான் சரியான திசை. பின்னாடியும் பாக்கணும், சுத்துற டயர் ஒரு ஜல்லிய வீசுச்சுன்னா கண்ணாடி போயிடும், ஆளு நின்னா கண்ணு போயிடும். ஓட்டுற நேரத்துல குழந்தைங்களும் நாயும் கதவுக்கு உள்ள இருக்கணும், வெளிய ஒருத்தர் நின்னு அதை மட்டும் பாத்துக்கணும். அந்த ஆளு இல்லாத அன்னைக்கு நான் சாவியவே எடுக்குறதில்ல.

கான்கிரீட்டா, தாரா, பேவர் கல்லா?

கான்கிரீட். பெரும்பாலான நல்ல டிராக்குல கிளம்புற இடத்த மட்டுமாவது கான்கிரீட்ல போட்டிருப்பாங்க, மிச்சம் தாரா இருக்கும். தார் வெயில்ல இளகும், ஒரே இடத்துல டயர் திரும்பத் திரும்ப உதைச்சா அலை அலையா தள்ளிக்கிட்டு போயிடும்.

பேவர் கல்லு இதுக்கு ஆகவே ஆகாது. 1,400 கிலோ வண்டி ஒண்ணு பாதி ஜி முடுக்கத்துல, அதாவது புவியீர்ப்புல பாதி அளவு முடுக்கத்துல, கிளம்பினா தரைய 700 கிலோ விசையோட பின்னாடி தள்ளுது, ஒரு டயருக்கு 350 கிலோ, அதுவும் ரெண்டு உள்ளங்கை அளவு இடத்துல. பேவர் கல்லு ஒண்ணு சில கிலோதான், மணல் மேல உக்காந்திருக்கு, எத்தனை தடவ தாங்கும்? அதே நேரத்துல 12 அடிக்கு 12 அடி, 6 இன்ச் தடிமன்ல ஒரு கான்கிரீட் பலகைய எடுத்துக்குங்க, அதோட எடை ஏறக்குறைய 5 டன். அது அசையாது. ஜல்லி போட்ட டிரைவ்வேயப் பத்திப் பேசவே வேணாம்.

கான்கிரீட்டுக்குக் கீழ என்ன போடணும்?

இதுக்குத்தான் நான் அதிகமா எழுதணும், ஏன்னா நான் தோத்தது இங்கதான். முதல் தடவ போட்டப்போ நிரப்பு மண்ணு மேல லேசா தண்ணி தெளிச்சு ஒரு நாள் விட்டுட்டு அப்படியே கான்கிரீட் கொட்டினோம், மேல பாக்க கண்ணாடி மாதிரி இருந்துச்சு, ஆறு மாசத்துல பின் டயர் நிக்குற இடத்துக்குக் கீழ மண்ணு உக்காந்துடுச்சு, ஸ்லாப் காத்துல தொங்குற மாதிரி ஆகி குறுக்கால ஒரு விரிசல், அப்புறம் அதுக்கு ரெண்டு பக்கமும் அரை இன்ச் ஏத்த இறக்கம். கான்கிரீட் நல்ல கான்கிரீட்தான், கம்பியும் இருந்துச்சு, கீழதான் ஒண்ணுமில்ல.

மேல் மண்ண, வேரு புல்லு எல்லாத்தோடவும் கெட்டித் தரை வர்ற வரைக்கும் எடுத்துடுங்க. நிரப்பணும்னா ஒரே தடவையா நிரப்பாம 4 இன்ச், 6 இன்ச்சா போட்டு ஒவ்வொண்ணையும் ஈரப்பதத்தோட ரோலர் இல்லன்னா பிளேட் கம்பாக்டர் வச்சு இறுக்கணும், ஓரத்துக்குத் திமிசு. அதுக்கு மேல 6 இன்ச் ஜல்லியும் கிரஷர் டஸ்ட்டும் கலந்த பெட், அதையும் இறுக்கணும். சோதிக்குறதுக்குச் சுலபமான வழி, வண்டியவே அது மேல மெதுவா ஓட்டிப் பாருங்க, டயர் தடம் ஆழமா பதிஞ்சா இன்னும் இறுகலன்னு அர்த்தம். ரெண்டாவது தடவ நான் மூணு நாள் இதுக்கே செலவு பண்ணேன், கொத்தனார் பொறுமை இழந்துட்டாரு, ஆனா இன்னைக்கு வரைக்கும் அந்த ஸ்லாப்ல ஒரு மயிரிழை விரிசல் கூட குறுக்கால இல்ல.

தடிமன், கம்பி, கிரேடு?

சும்மா வண்டி நிறுத்துற டிரைவ்வேக்கு 4 இன்ச் போதும். கிளம்புற இடத்துக்கு 6 இன்ச் போடுங்க, நிக்குற பகுதிக்கு 5 இன்ச் போதும், தடிமன் மாறுற இடத்துல படி மாதிரி வெட்டாம கீழ்ப்பக்கம் சரிவா கொண்டு வாங்க. கான்கிரீட்டோட பலத்துக்கு எம் 30 கிரேடு நல்லது. 10 எம்எம் கம்பி, 12 இன்ச் இடைவெளில ரெண்டு பக்கமும் கட்டி, கம்பிக்குக் கீழ வைக்குற சின்னக் கட்டை, அதாவது கவர் பிளாக், வச்சுத் தூக்கி விடுங்க. தரைல கிடக்குற கம்பியால ஒரு பிரயோஜனமும் இல்ல, கொட்டும்போது கொக்கி போட்டு இழுத்துக்கலாம்னு சொல்லுவாங்க, யாரும் இழுக்க மாட்டாங்க. மேல் மட்டத்துலேந்து ரெண்டு இன்ச் கீழ கம்பி இருக்கணும்.

இன்னொண்ணு, கான்கிரீட் லாரி வந்ததும் "கொஞ்சம் தண்ணி விடுங்க, ஓடட்டும்"னு யாராவது சொல்லுவாங்க. விடாதீங்க. அந்தத் தண்ணிதான் மேல பாலா மிதந்து, காஞ்சதும் பவுடர் மாதிரி உதிரும், பவுடர் மேல எந்த டயரும் பிடிக்காது.

வெட்டு ஜாயின்ட் எங்க வரணும்?

கான்கிரீட் எப்படியும் சுருங்கும், விரிசல் விடும், நாம சொல்ற இடத்துல விடட்டும்னுதான் கோடு வெட்டுறோம். 6 இன்ச் ஸ்லாப்புக்கு 12 அடிக்கு ஒண்ணு, 15 அடியத் தாண்டக் கூடாது, ஆழம் தடிமன்ல கால் பங்கு, அதாவது ஒண்ணரை இன்ச். கொட்டின மறுநாளுக்குள்ள, ஓரம் உதிராத அளவுக்கு இறுகினதும் வெட்டிடணும், லேட் பண்ணா அது தானா வேற இடத்துல வெட்டிக்கும்.

சாதாரண டிரைவ்வேக்கு இவ்வளவு போதும், நமக்கு இன்னொரு கணக்கும் இருக்கு. டயர் உதைக்குற இடம் பலகையோட நடுவுல வரணும், ஜாயின்ட் மேல வரக் கூடாது, வந்தா ஓரம் சில்லு சில்லா பேந்துடும். பின் வீல் டிரைவ் வண்டின்னா பின் டயர் முன் டயருக்கு 9 அடி பின்னாடி இருக்கும். அதனால ஸ்டேஜ் லைன எங்க வைக்குறோம்னு முதல்ல பேப்பர்ல வரைஞ்சு, அதுலேந்து 9 அடி பின்னாடி போய், அந்த இடத்துக்கு முன்னாடி ஒரு 6 அடியாவது கோடு இல்லாம பாத்துக்குங்க. முன் வீல் டிரைவ்னா கணக்கு இன்னும் சுலபம். வீட்டுச் சுவரோட ஸ்லாப் தொடுற இடத்துல தனியா எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட், அதாவது கான்கிரீட் விரியுறதுக்கு ஒரு இடைவெளி, விடணும், அத மறந்துட்டா தள்ளு முழுக்க சுவருக்குப் போகும்.

ஃபினிஷ் சொரசொரப்பா வேணுமா, வழவழப்பா வேணுமா?

சொரசொரப்பா இருந்தா பிடிப்பு ஜாஸ்தின்னு எல்லாரும் நினைக்குறாங்க. மழைல அது உண்மை. ஆனா டிராக்ல கான்கிரீட்ட வழவழன்னு தேய்ச்சு, அது மேல ரப்பர் படிய விடுவாங்க, ரப்பரும் ரப்பரும் ஒட்டுறதுதான் அங்க பிடிப்பு. வீட்ல அந்த அளவுக்கு ரப்பர் படியாது, படிய வைக்கவும் வேணாம். அதனால நடுவாந்திரமா போங்க, கரணை போட்டு மட்டமா இழுத்துட்டு, மெல்லிசான துடைப்பத்தால ஒரே ஒரு இழுப்பு, வண்டி போற திசைக்குக் குறுக்கால. ஆழமா கீறினா டயர சீவி எடுத்துடும். 10 அடி மட்டக்கோல் வச்சுப் பாருங்க, கால் இன்ச்சுக்கு மேல மேடு பள்ளம் இருந்தா அங்க டயர் குதிக்கும்.

பளபளன்னு சீலர் அடிக்காதீங்க, பெயின்ட்டும் வேணாம், டயர் போற பாதைல ஸ்டேஜ் லைன் கூட வரையக் கூடாது. ஓரத்துல ஒரு ஆணி, அது போதும்.

வாட்டம் எப்படி விடணும்?

கிளம்புற இடம் நீளவாக்குல மட்டமா இருக்கட்டும், மழைத் தண்ணி போறதுக்குக் குறுக்கு வாட்டம் 100க்கு 1 போதும், 12 அடி அகலத்துக்கு ஒண்ணரை இன்ச். அதுக்கு மேல போனா வண்டி கிளம்பும்போதே ஒரு பக்கமா இழுக்கும், நீங்க ஸ்டியரிங்க திருத்தியே பழகிடுவீங்க, அப்புறம் டிராக்ல மட்டமான இடத்துல கை தப்பாப் போகும். நிக்குற கடைசிப் பகுதி லேசா மேல ஏறினா ரொம்ப நல்லது, பிரேக்குக்கு உதவி, ஆனா அங்கேந்து வர்ற தண்ணி கிளம்புற இடத்துக்கே வந்து தேங்காம நடுவுல பக்கவாட்டுல வெளியேத்தணும்.

போட்டு எத்தனை நாள் கழிச்சு ஓட்டலாம்?

ஏழு நாள் விடாம ஈரம் இருக்கணும், பாத்தி கட்டித் தண்ணி நிறுத்துங்க, இல்ல ஈரச் சாக்கு போடுங்க. அதுக்கப்புறம் வண்டிய மெதுவா ஏத்தி நிறுத்தலாம். லாஞ்ச் 28 நாளுக்கு முன்னாடி வேணாம். எனக்கும் தெரியும், புது ஸ்லாப்ப தினமும் பாத்துக்கிட்டு சும்மா இருக்குறது கஷ்டம்.

டயர் பிடிக்கட்டும்னு டிராக்ல தெளிக்குற ஒட்டுப் பசைய வீட்ல அடிக்கலாமா?

வேணாம். விஹெச்டி, பிஜே1 மாதிரி பசையெல்லாம் மெஷின் வச்சுத் தெளிச்சு, ரப்பர் தேய்ச்சு, திரும்பத் திரும்பப் பராமரிக்குற இடத்துக்கு. வீட்ல அது செருப்புல ஒட்டி உள்ள வரும், தூசியப் பிடிச்சு ரெண்டு நாள்ல பிடிப்பே போயிடும், மழை பெஞ்சா மண்ணுக்குள்ள போகும். பெருக்கி, தண்ணி ஊத்திக் கழுவி, நல்லா காய விட்ட கான்கிரீட்டே பழகுறதுக்குப் போதும். பிடிப்பு கொஞ்சம் கம்மியா இருக்குற தரைல கிளட்ச் பழகினவங்க காலுக்கு நிதானம் வரும்னு நான் நம்புறேன்.

பர்ன்அவுட், அதாவது கிளம்புறதுக்கு முன்னாடி நின்ன இடத்துல டயரச் சுத்த விட்டு சூடு ஏத்துறது, பண்ணலாமா?

தேவையே இல்ல. பள்ளமே இல்லாத ரேஸ் டயரான ஸ்லிக்குக்குத்தான் சூடு ஏத்தணும், ரோடு டயருக்கு தூசி போக ஒரு சின்ன சுத்து போதும். தண்ணி ஊத்திச் சுத்துறதெல்லாம் ரோடு டயருக்கு நஷ்டம்தான், டயர் பள்ளத்துல தண்ணிய எடுத்துக்கிட்டு வந்து லைன்லயே சொட்ட விடும்.

லைட்டு மரம், அதாவது டிராக்ல கிளம்ப சிக்னல் குடுக்குற லைட்டுக் கம்பம், வாங்கணுமா?

வாங்கினா இந்தப் பழக்கத்துல பாதி வீட்லயே முடிஞ்சிடும். டிராக் மரத்துல ரெண்டு வகை, ஸ்போர்ட்ஸ்மேன்ல மூணு மஞ்சள் லைட்டும் அரை அரை செகண்டு விட்டு ஒண்ணொண்ணா எரிஞ்சு பச்சை வரும், ப்ரோ மரத்துல மூணும் ஒண்ணா எரிஞ்சு 0.4 செகண்டுல பச்சை. பச்சையப் பாத்துக் கிளம்பினா லேட்டு, கடைசி மஞ்சள் எரியும்போதே கால் நகரணும், ஏன்னா முன் டயர் ஸ்டேஜ் பீம, அதாவது கிளம்புற கோட்டுல குறுக்க போற ஒளிக்கதிர, விட்டு வெளிய வரவே கொஞ்சம் நேரம் ஆகும். அந்த நேரம் ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு மாதிரி, அதக் கண்டுபிடிக்கத்தான் சொந்த வண்டில, சொந்த டிரைவ்வேல பழகுறது. அதுக்கு முன்னாடியே வர்ற ப்ரீ ஸ்டேஜ் பீமுக்கும் ஸ்டேஜ் பீமுக்கும் நடுவுல 7 இன்ச், அத ஓரத்துல ரெண்டு குச்சி நட்டு வச்சு ஊர்ந்து வந்து நிறுத்திப் பழகுங்க.

சரியா கிளம்புதான்னு எப்படித் தெரியும்?

தரையக் குனிஞ்சு பாருங்க. ஒவ்வொரு லாஞ்ச்சுக்கு அப்புறமும் இறங்கிப் போய் கருப்புத் தடத்தப் பாக்குறது எனக்குப் பழக்கம். நாலஞ்சு அடிக்கு ரெண்டு பக்கமும் ஒரே அளவு மங்கலான தடம் வந்து அப்படியே கரைஞ்சு போச்சுன்னா டயர் பிடிச்சிருக்கு. நீளமா, அடர்த்தியா இருந்தா ஆர்பிஎம் ஜாஸ்தி. ஒரே பக்கம் மட்டும் தடம்னா டிஃபரன்ஷியல் (ரெண்டு சக்கரத்துக்கும் சக்திய பிரிச்சுக் குடுக்குற கியர்) ஓப்பன் வகை, எடை கம்மியா இருக்குற டயர் மட்டும் சுத்துது. புள்ளி புள்ளியா விட்டு விட்டு இருந்தா வீல் ஹாப், டயர் பிடிச்சுப் பிடிச்சு விடுது, அத உணர்ந்த உடனே காலை எடுத்துடணும், ஆக்சில் உடையுறது பெரும்பாலும் அந்த நேரத்துலதான். தடமே இல்லாம இஞ்சின் மூச்சுத் திணறுச்சுன்னா கிளட்ச்ச சீக்கிரம் விட்டுட்டீங்க.

வண்டில என்ன பாத்துக்கணும்?

கிளட்ச் சூடு. ஒரு லாஞ்ச்சுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல அஞ்சு நிமிஷமாவது விடுங்க, கருகின வாசனை வந்தா அன்னைக்கு அவ்வளவுதான். இஞ்சின் மவுன்ட், ஆக்சில் பூட், வீல் நட் மூணையும் ஓட்டுறதுக்கு முன்னாடி பாருங்க. சீட் பெல்ட், ஹெல்மெட் ரெண்டும் 20 அடிக்கும் உண்டு. தீயணைப்பான் கைக்கு எட்டுற இடத்துல இருக்கட்டும். மூடின கேரேஜ் உள்ள இஞ்சின ஓட விட்டுக்கிட்டு டியூன் பண்ணாதீங்க, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

பக்கத்து வீட்டுக்காரங்க?

முன்னாடியே போய் சொல்லுங்க, என்ன நாள், எத்தனை மணி, எத்தனை தடவ. பகல்ல ஒரு நாளைக்கு அஞ்சாறு லாஞ்ச் போதும், அதுக்கு மேல காலுக்கும் கத்துக்க ஒண்ணுமில்ல. சத்தத்துக்கும் கட்டுமானத்துக்கும் உங்க ஊர்ல என்ன விதின்னு குழி தோண்டுறதுக்கு முன்னாடி கேட்டுடுங்க, டிரைவ்வே ரோட்டத் தொடுற இடம் பொது இடமா இருக்கலாம்.

இடம் பத்தலன்னா கேட்டத் திறந்து ரோட்டுல கொஞ்சம் ஓட விடலாமா?

கூடாது. எவ்வளவு காலியான தெருவா இருந்தாலும் கூடாது. முழு ஓட்டம் வேணும்னா டிராக்குல டெஸ்ட் நாள்ல போய் ஓட்டுங்க, அங்க ஆம்புலன்ஸ் நிக்கும், நிக்குறதுக்கு இடம் இருக்கும்.

ஸ்லாப்ப எப்படிப் பராமரிக்குறது?

ஓட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் பெருக்கணும், வெட்டு ஜாயின்ட்டுக்குள்ள சிக்கியிருக்குற சின்னக் கல்லையும் சேத்து. ஆயில் சொட்டுச்சுன்னா உடனே மரத்தூளோ உலர்ந்த சிமென்ட்டோ போட்டு உறிஞ்ச விட்டு, சோப்புத்தூள் போட்டுத் தேய்ச்சுக் கழுவுங்க, மேலோட்டமா துடைச்சா உள்ள இறங்கி அடுத்த மழைல வழுக்கும். வருஷத்துக்கு ஒரு தடவ ஜாயின்ட்ல இருக்குற சீலன்ட் பிஞ்சிருக்கான்னு பாத்து மாத்துங்க, தண்ணி கீழ இறங்கினா பெட் அரிக்கும். மழைக்காலம் முடிஞ்சதும் ஒரு சுத்தியலால ஸ்லாப்பத் தட்டிக்கிட்டே நடந்து போங்க, கிண்ணுன்னு சத்தம் வர்ற இடம் நல்லா இருக்கு, பொத்துன்னு கேட்டா அங்க கீழ வெற்றிடம் வந்துடுச்சு, அத ஆளு வச்சு சிமென்ட் க்ரவுட், அதாவது தண்ணியா கரைச்ச சிமென்ட் கலவை, ஏத்தி அடைக்குற வரைக்கும் அந்தப் பலகைல லாஞ்ச் வேணாம்.